தேன்கூட்டில் குடிவந்தவர்கள்

ஆம்ஸ்டர்டாமில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இரண்டு அறிவுரைகள் கிடைத்தன. ஒன்று, வீட்டை ஆம்ஸ்டல்ஃபேனில் பார்த்துக்கொள், நம்ம ஆளுங்க எல்லாரும் அங்கேதான். இரண்டு, ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருட்டின பிறகு போகாதே. இரண்டையும் சொன்னது கூட வேலை பார்த்த இந்தியர்கள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பேர்போன டச்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் மட்டும் சிரித்து மழுப்பினார்கள்.

ஸ்டேஷனின் பெயர் பைல்மர் அரீனா. மேற்கு வாசலில் இறங்கினால் கால்பந்து மைதானம், கண்ணாடி போர்த்திய ஆபீஸ்கள். கிழக்கு வாசலில் இறங்கினால் பைல்மர்மேர். நடுவில் இருப்பது ஒரு ரயில்பாதை மட்டும்தான். ஆறு மாதம் நானும் மேற்கிலேயே இறங்கி மேற்கிலேயே ஏறிக்கொண்டிருந்தேன்.

ஒரு நவம்பர் சாயங்காலம், ரிலீஸ் தள்ளிப்போன கடுப்பில், இன்னொரு சீஸ் சான்ட்விச்சைச் சாப்பிட மனசில்லாமல் கிழக்கே நடந்தேன். கடைவீதியில் ஒரு சுரினாம் ரொட்டிக் கடை. மெல்லிய ரொட்டி, மசாலா உருளைக்கிழங்கு, கோழி, அவித்த முட்டை, காராமணிக்காய்ப் பொரியல். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தி மாதிரி ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. அவர் பேசியதும் நாம் சினிமாவில் கேட்கிற இந்தி இல்லை. அது சர்னாமி. 1873-இல் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை சுரினாமுக்கு ஏற்றிப்போனது. அதில் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தவர்களின் பேச்சுமொழிகள் கலந்து உருவான மொழி. பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, "உங்க ஆபீஸ் ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்லையே" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பைல்மரைச் சுற்றி நடப்பது வழக்கமாகிவிட்டது. நடந்ததைவிட அதைப் பற்றிப் படித்தது அதிகம். கட்டடக்கலை பற்றி எழுதுபவர்களுக்கு பைல்மர் ஒரு முடிந்த வழக்கு. 'நவீனத்துவத்தின் தோல்வி' என்ற கோப்பில் ஏற்கெனவே போட்டுவைத்தாயிற்று. ஆணவம் பிடித்த நகரத் திட்டக்காரர்கள் கான்கிரீட்டில் சொர்க்கம் கட்டினார்கள், அது சேரியாகிவிட்டது, பிறகு புத்தி வந்து இடித்தார்கள். இந்தக் கதையோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் திட்டத்தை நியாயமாக வாசிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமில் கடுமையான வீட்டுப் பஞ்சம். சுற்றுலாப் படங்களில் வரும் கால்வாய்க்கரை வீடுகள் வேறு, தொழிலாளிகள் வாழ்ந்த இருட்டும் ஈரமுமான சின்ன வீடுகள் வேறு. அறுபதுகளில் தென்கிழக்கே, நகர எல்லைக்கு வெளியே கிடந்த தாழ்நிலத்தில் ஒரு புது நகரம் கட்ட முடிவானது. வரைந்தது நகரத் திட்டத் துறையில் சீக்ஃப்ரீட் நாசுத் தலைமையிலான குழு. அவர்கள் வேதமாகக் கொண்டது லெ கொர்பூசியேவும் சியாம் மாநாடுகளும் முன்வைத்த சிந்தனை: குடியிருப்பு, வேலை, பொழுதுபோக்கு, போக்குவரத்து நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த சியாமுக்கு முப்பதுகளில் தலைவராக இருந்த கார்னெலிஸ் ஃபான் ஈஸ்டரன் ஆம்ஸ்டர்டாமின் இதே நகரத் திட்டத் துறையில் வேலை பார்த்தவர்தான். ஆக இது வெளியூர்ச் சரக்கு இல்லை, வீட்டுக் கைமணம்.

13 டிசம்பர் 1966 அன்று முதல் கம்பத்தை மண்ணில் இறக்கினார்கள். மொத்தம் 31 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். எல்லாமாகச் சேர்த்து ஏறத்தாழ 13,000 வீடுகள். நேர்கோட்டில் இல்லாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் கிடைக்கட்டும் என்று 120 டிகிரியில் மடங்கி மடங்கிப் போகும். விமானத்திலிருந்து பார்த்தால் தேன்கூடு. கார்கள் ஓடுவதற்கு மூன்று மீட்டர் உயரத்தில் தூக்கிக் கட்டிய சாலைகள். அந்தச் சாலை பல மாடிப் பார்க்கிங்கில் முடியும். அங்கிருந்து மூடிய நடைபாதை வழியாக, மழையில் நனையாமல் வீட்டு வாசல்வரை போகலாம். தரை முழுக்க மரம், புல், குளம். அங்கே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான் இடம். வீடுகளோ நூறு சதுரமீட்டர் அளவில், சென்ட்ரல் ஹீட்டிங்கோடு.

ஒத்துக்கொள்கிறேன், வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குழந்தை ஒரு சாலையைக்கூடக் கடக்காமல் பள்ளிக்கூடம் போய்வர முடியும் என்று ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்திருக்கிறார். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் திட்டத்தில் ஒரு உண்மையான ஓட்டை இருந்தது. கட்டடங்களின் தரைத்தளம் முழுவதும் சாமான் வைக்கும் அறைகள். அதாவது, இத்தனை பெரிய பூங்காவைச் சுற்றிலும் தரைமட்டத்தில் ஒரு ஜன்னல் கிடையாது, ஒரு வாசல்படி கிடையாது. நூற்றுக்கணக்கான மீட்டருக்கு வெறும் சுவர். தெருவில் கண் இருந்தால்தான் தெரு பத்திரம் என்று ஜேன் ஜேகப்ஸ் 1961-லேயே எழுதிவிட்டார். அதைவிட வேடிக்கை, சியாம் என்ற அமைப்பே 1959-இல் கலைந்துவிட்டது. அதைக் கலைத்த இளைஞர்களில் ஆல்டோ ஃபான் ஐக், யாப் பாகமா என்ற இரண்டு டச்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். கலைந்த இடம் ஆட்டர்லோ, நெதர்லாந்தில்தான். முதல் கம்பம் இறங்குவதற்கு ஏழு வருடம் முன்பே, அதே நாட்டுக்குள், மூல நூலை மூடிவைத்தாயிற்று. கட்டியது அதற்குப் பிறகு. சப்போர்ட் நிறுத்தப்பட்ட வெர்ஷனில் புது ப்ராஜெக்ட் ஆரம்பிப்பது எங்கள் தொழிலில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து நடந்ததும் எங்கள் தொழிலில் தெரிந்த கதைதான். பணம் இழுத்தது, வெட்டினார்கள். எதை வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. வீடுகளின் எண்ணிக்கையை வெட்டவில்லை. லிஃப்டுகளை வெட்டினார்கள். நானூறு வீட்டுக்குச் சில லிஃப்டுகள் என்றால் அவை சீக்கிரம் பழுதாகும், பழுதானால் மக்கள் இருட்டு நடைபாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் வருவதாக இருந்த பொது வசதிகளை வெட்டினார்கள். முதல் குடும்பங்கள் ஹோகோர்ட் என்ற கட்டடத்தில் சாவி வாங்கியது 25 நவம்பர் 1968. மெட்ரோ வந்ததோ 1977-இல். ஒன்பது வருடம்! அவ்வளவு காலமும் இது நகரத்தோடு சரியாக ஒட்டாத ஒரு தீவு. பெரிய கடைவீதி முழுதாக வருவதற்கு எண்பதுகளின் பின்பாதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதி ஃபீச்சரை எடுத்துவிட்டு வெளியிட்டுவிட்டு, 'யூசருக்குப் பிடிக்கவில்லை, டிசைன் தோல்வி' என்று அறிக்கை எழுதுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஓர் அறிக்கையின் கீழ் என் பெயரும் இருக்கிறது.

யாருக்காகக் கட்டினார்கள்? அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு கார், நிரந்தர வேலை. அந்தக் குடும்பம் கணிசமாக வரவே இல்லை. வாடகை அதிகம், அதற்குமேல் ஹீட்டிங் செலவு. அதே சமயம் பூர்மரெண்ட், ஹோர்ன் போன்ற ஊர்களிலும், 1976 முதல் அல்மேரேவிலும் தோட்டத்தோடு தனி வீடு கிடைக்க ஆரம்பித்தது. டச்சு நடுத்தர வர்க்கம் தரையில் கால்படும் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. அதில் தப்பு சொல்ல எதுவுமில்லை. ஆனால் வீடுகள் காலியாகக் கிடந்தன.

25 நவம்பர் 1975 அன்று சுரினாம் சுதந்திரம் அடைந்தது. ஹோகோர்டில் சாவி கொடுத்து சரியாக ஏழு வருடம், அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் அந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். சுதந்திரத்தை ஒட்டியும், அடுத்த ஐந்து வருடம் நீடித்த இடைக்கால ஏற்பாட்டின் கீழும், அந்தச் சின்ன நாட்டின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நெதர்லாந்துக்கு வந்தார்கள். அவர்கள் அகதிகள் அல்ல. டச்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த, டச்சுக் குடியுரிமை வைத்திருந்தவர்கள். ஒரு பக்கம் காலி வீடுகள், இன்னொரு பக்கம் வீடு தேடும் குடிமக்கள். கணக்கு நேராகவே இருந்தது. ஆனால் ஒரு கட்டடத்தில் இத்தனை சுரினாம் குடும்பங்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். வீடு காலியாகவே கிடந்தாலும் கிடக்கட்டும், அவர்களுக்குக் கிடையாது.

1974-இல் க்ளிப்ஹூஃப என்ற கட்டடத்தின் காலி வீடுகளுக்குள் சுரினாம் குடும்பங்கள் பூட்டை உடைத்துக் குடிபுகுந்தன. பைல்மரின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படும் நாள் முதல் கம்பம் இறங்கிய நாள் அல்ல, இதுதான். அதுவரை அது ஒரு வரைபடம். திட்டத்தில் இல்லாதவர்கள் கதவைத் திறந்த நாளில்தான் அது ஊரானது. பத்திரிகைகளுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. க்ளிப்ஹூஃப என்ற பெயரே நாடு முழுக்கக் கெட்ட வார்த்தையாகிவிட்டது. எண்பதுகளில் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

இங்கே அவசரப்பட்டு யாரையும் தேவதைகளாக்க வேண்டாம். எண்பதுகளில் பைல்மரில் ஹெராயின் இருந்தது, வழிப்பறி இருந்தது, பார்க்கிங் மாடிகளில் பெண்கள் தனியாகப் போகப் பயந்தார்கள், கால்வாசி வீடுகள் காலியாகக் கிடந்தன. அங்கேயே வளர்ந்தவர்கள் அதை மறைப்பதில்லை. என் கேள்வி வேறு: இதற்கெல்லாம் பத்து மாடியும் அறுகோணமும்தான் காரணமா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பை 1972-இல் வெடிவைத்து இடிக்கத் தொடங்கினார்கள். அதை வைத்து சார்லஸ் ஜெங்க்ஸ் நவீனக் கட்டடக்கலைக்கே மரணச் சான்றிதழ் எழுதினார். அங்கேயும் பராமரிப்புக்குப் பணம் இல்லாததும், வெள்ளையர்கள் வெளியேறியதும் சான்றிதழில் சின்ன எழுத்தில்கூட வரவில்லை. கட்டடத்தைக் குற்றவாளியாக்குவதில் ஒரு வசதி இருக்கிறது. அது எதிர்த்துப் பேசாது. வாடகையை நிர்ணயித்தவர், லிஃப்டை வெட்டியவர், வரம்பு வைத்தவர் எல்லாரும் பார்வையாளர் வரிசைக்குப் போய்விடலாம்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களும் முழுதாக எனக்கு ஒத்துவரவில்லை. ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் 1986-இல் பைல்மருக்கு ஒரு திட்டம் வரைந்தது. கட்டடங்களை அப்படியே விட்டுவிடு, இடையில் வெறுமனே கிடக்கும் தரையைப் பல வேலைகளால் நிரப்பு என்பது சாரம். அது நடக்கவில்லை. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் 'நலவாழ்வு அரசின் லாஸ் வேகாஸ்' என்று அதற்குத் தலைப்பு வைத்தவரை, அந்த நடைபாதையில் சாயங்காலம் பால் பாக்கெட்டோடு நடக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

4 அக்டோபர் 1992, ஞாயிற்றுக்கிழமை. ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானம், ஒரு போயிங் 747. வலது இறக்கையின் இரண்டு என்ஜின்களும் கழன்று விழுந்தன. திரும்பி வர முயன்றபோது மாலை ஆறரை மணி வாக்கில் க்ரூனஃபேன், க்ளைன் க்ரௌட்பெர்க் என்ற இரு கட்டடங்கள் சந்திக்கும் மூலையில் மோதியது. வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரம். முதலில் இருநூறுக்கு மேல் இறந்திருப்பார்கள் என்றார்கள். பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து 43-இல் நின்றது. நான்கு பேர் விமானத்தில் இருந்தவர்கள், 39 பேர் தரையில் இருந்தவர்கள்.

இந்த 43-ஐ பைல்மரில் பலர் இன்னும் நம்புவதில்லை. காரணம் எளிது. அந்த வீடுகளில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் வாழ்ந்தார்கள். கானாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்து, யாருடைய வீட்டிலோ ஒரு அறையில் தங்கி, விடியற்காலையில் ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கப் போனவர்கள். பதிவேட்டில் இல்லாதவர் காணாமல் போனால் எந்த வரிசையில் தேடுவது? விபத்துக்குப் பிறகு, அந்த வீடுகளில் வசித்ததாக நிரூபிக்கும் ஆவணமற்றவர்களுக்குத் தங்கும் உரிமை தரப்படும் என்று அறிவித்தார்கள். உடனே பெரிய வரிசை நின்றது. எல்லாருமா அங்கே இருந்தார்கள் என்று கேலி பேசினார்கள். எனக்கு அந்த வரிசை வேறொன்றைச் சொல்கிறது. ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார் என்று அரசு ஒப்புக்கொள்ள, அவர் வீட்டின்மேல் விமானம் விழ வேண்டியிருந்தது. விமானத்தில் நரம்பு விஷவாயு தயாரிக்கப் பயன்படும் ரசாயனமும் இருந்தது என்பது வெளியே வர 1998 ஆனது. 1999-இல்தான் நாடாளுமன்ற விசாரணை.

இடிப்புத் திட்டம் விபத்துக்கு முன்பே பேசப்பட்டு வந்தது. விபத்து அதை வேகப்படுத்தியது. ஆரம்பத்தில் கால்வாசிதான் இடிப்பதாகப் பேச்சு. முடிவில் உயரக் கட்டடங்களில் பாதி போனது. தூக்கிய சாலைகளைத் தரைக்கு இறக்கினார்கள், பார்க்கிங் மாடிகளை உடைத்தார்கள், செங்கல் வைத்த தாழ்வான வீடுகளைக் கட்டினார்கள். அவை நல்ல வீடுகள். பைல்மர்க்காரர்கள் பலரும் ஆசைப்பட்டுத்தான் அங்கே மாறினார்கள். சுரினாம் அம்மாவுக்கு மட்டும் தோட்டம் வேண்டாமா என்ன? ஆனால் முடிவெடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர்கள். தொண்ணூறுகளின் நடுவில் 'கறுப்பர் ஆலோசனைக் குழு' என்று பொருள்படும் ஸ்வார்ட் பெராட் என்ற அணி இதைத்தான் கேட்டது: எங்கள் ஊரைத் திருத்தும் வேலையில், சம்பளத்திலும் பதவியிலும் நாங்கள் எங்கே? பைல்மர் விமர்சனங்களில் நான் படித்தவற்றுள் மிகக் கூர்மையானது இந்தக் கேள்விதான். எழுதியவர்கள் யாரும் கட்டடக்கலை விமர்சகர்கள் அல்ல.

பார்க்கிங் மாடிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் வராததால் அவை பாதி காலியாக, பயமுறுத்தும் இடமாகக் கிடந்தன. அங்கேதான் கானாக்காரர்கள் தங்கள் தேவாலயங்களை நடத்தினார்கள். தாழ்ந்த கான்கிரீட் கூரை, மேலே கோடு போட்ட பார்க்கிங், கீழே ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் குடும்பங்கள், கீபோர்டு, பாட்டு. க்வாக்கு என்ற கோடைத் திருவிழா எழுபதுகளில் புல்வெளியில் பையன்கள் ஆடிய கால்பந்துப் போட்டியாகத் தொடங்கியது. நாசுத் வரைந்த அந்த மாபெரும் வெறுமைக்கு, அவர் யோசித்தே பார்க்காத உபயோகத்தை இவர்கள் கண்டுபிடித்தார்கள். திட்டத்தின் தோல்வி என்று சொல்லப்படுவதுதான் இவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம். சீர்திருத்தம் அந்த உபரி இடத்தை முதலில் சுத்தம் செய்தது. பிறகு தேவாலயங்களுக்கென்று ஒரு பொதுக் கட்டடம் எழுந்தது உண்மை. எல்லாருக்கும் அதில் இடம் கிடைத்துவிடாது என்பதும் உண்மை. நாசுத்துக்கு 1998-இல் வாழ்நாள் பணிக்கான விருது கொடுத்தார்கள். அப்போது அவர் கட்டியதை ஒரு பக்கம் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மிஞ்சியவற்றில் ஒன்று க்ளைபர்க். 400 மீட்டர் நீளம், 500 வீடுகள். அதையும் இடிப்பதாக இருந்தது. கடைசியில் உரிமையாளரான வீட்டுவசதிச் சங்கம் ஒரு யூரோ விலைக்கு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. ஒரு கூட்டமைப்பு எடுத்தது. எண்பதுகளில் வெளியே ஒட்டவைத்த லிஃப்ட் கோபுரங்களை அகற்றினார்கள், கைப்பிடிச் சுவரின் பெயின்டை மணல் பீய்ச்சிச் சுரண்டி அடியிலிருந்த கான்கிரீட்டை வெளியே கொண்டுவந்தார்கள். தரைத்தளத்துச் சாமான் அறைகளை மேலே மாற்றி, கீழே ஜன்னல் வைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து அந்த ஓட்டை அடைபட்டது. வீடுகளை வெறும் கூடாக விற்றார்கள். சமையலறை, குளியலறை, உள்சுவர்கள் எல்லாம் வாங்குகிறவர் பாடு. 2017-இல் ஐரோப்பாவின் மீஸ் ஃபான் டெர் ரோ விருது கிடைத்தது.

நான் போய்ப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயில் சாயும்போது அந்த நீண்ட கான்கிரீட் கோடு பொன்னிறமாகும். இதைத்தான் அசிங்கம் என்று முப்பது வருடம் திட்டினார்களா என்று கேட்கத் தோன்றியது. பைல்மரின் வடிவம் குற்றமற்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆனால் நின்று பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. முடிக்கப்படாத வீட்டை வாங்கி, வார இறுதிகளில் தானே தச்சுவேலை செய்து முடிப்பது, கடனும் நேரமும் கையில் உள்ளவருக்கு ஒரு சுதந்திரம். அதற்குப் பரிசு. 1974-இல் க்ளிப்ஹூஃபவில் குடிபுகுந்தவர்களும் முடிக்கப்படாத ஒன்றைத்தான் கையில் எடுத்து வாழத்தக்கதாக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது போலீஸும் பெயர் மாற்றமும். கட்டடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டடம், கான்கிரீட் அதே கான்கிரீட். உள்ளே போகிறவர் யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. விருதுக் குறிப்புகளில் இந்த வரி வராதது எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் பைல்மர் விமர்சனம் என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப்போக முடியாது.

விபத்து நடந்த இடத்தில் ஒரு மரம் தப்பித்து நிற்கிறது. 'எல்லாவற்றையும் பார்த்த மரம்' என்று பெயர். அதைச் சுற்றித்தான் நினைவிடம். நான் போனபோது அடிமரத்தருகே பூக்கள் வாடிக் கிடந்தன. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி ஏறிப்போனார். நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், முதல் நாள் எனக்கு அந்த அறிவுரை சொன்ன நண்பரையே ரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். வெளியே தெரிந்த புது அடுக்குமாடிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கவுன்ட்டரில் இருந்த அதே அம்மாவிடம் கேட்டார், இங்கே வீடு வாங்க இப்போ எவ்வளவு ஆகும் என்று. அவர் மீதிச் சில்லறையை எண்ணியபடியே சொன்னார்: "நீங்க பத்து வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும். நானும்தான்."